விநாடிக்கு மூன்று கிலோ

பதினான்காம் நாள் காலை, ராக்கெட் கிளம்ப நான்கு நிமிடம் இருக்கையில், ஓஸ்முண்ட் தன் படகோடு கடலில் நின்றுகொண்டிருந்தான். அதுவும் நிற்கக்கூடாத இடத்தில்.

அதற்கு முந்திய பதின்மூன்று நாளும் அவன் சொல் கேட்டு நடந்தவன்தான். தினமும் காலை ஆறரைக்கு ராக்கெட் தளத்திலிருந்து ட்ரூல்ஸ் எல்லாப் படகுக்காரருக்கும் போன் எடுப்பான். கடலில் யாரும் குறுக்கே நிற்காமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை விளிம்புப் பக்கம் போகாதே என்பான். விளிம்பு என்பது எங்கள் ஹெல்விக் தீவுக்கு மேற்கே, கடலடி திடீரென்று பள்ளமாய் இறங்குகிற இடம். ராக்கெட்டின் முதல் அடுக்கு எரிந்து முடிந்து அங்கேதான் வந்து விழும். தை மாதத்தில் முட்டையிட வருகிற கொட் மீன் கூட்டம் கூட்டமாய் வந்து நிற்பதும் அங்கேதான். ராக்கெட்டுக்கும் மீனுக்கும் அவ்வளவு பெரிய கடலில் வேறு இடம் கிடைக்கவில்லை.

நான் துறைமுகத்து மீன் கூடத்தில் இருபத்தாறு வருடமாய் வேலை செய்கிறேன். படகு வந்தால் கயிறு பிடிப்பேன், பெட்டி இறக்குவேன், கோப்பி ஊற்றுவேன். கூடத்துச் சுவரில் ஒரு ரேடியோ நாள் முழுவதும் திறந்தே கிடக்கும். கடலில் யார் யாரைத் திட்டினாலும் எங்களுக்குக் கேட்கும். இந்த ஊரார் பேசியதை என் வாயில் வருகிற தமிழில்தான் சொல்கிறேன். இங்கே மேயரும் 'நீ'தான், பாதிரியாரும் 'நீ'தான். வசவில் பாதியை விட்டுவிட்டேன். மிச்சப் பாதியே கொஞ்சம் அதிகம்.

அன்று ரேடியோவில் முதலில் கேட்டது ட்ரூல்ஸின் குரல்.

"யோருன், யோருன். நீ உள்ளுக்கு நிக்கிறாய்."

யோருன் என்பது ஓஸ்முண்டின் படகு. அவன் மனைவியின் பெயரும் அதுவே. கல்யாணம் முடித்த வருடம் வாங்கிய படகு, ஆசையில் வைத்த பெயர்.

"தெரியும்," என்றான் ஓஸ்முண்ட்.

"தெரிஞ்சா வெளிய போவன்!"

"பதிமூண்டு நாள் வெளிய நிண்டனான். பதிமூண்டு நாளும் உன்ர ரொக்கட் எழும்பேல்ல. ஒரு நாள் மழை எண்டாய், ஒரு நாள் காத்து எண்டாய், ஒரு நாள் சூரியனுக்குச் சுகமில்ல எண்டாய்."

"இண்டைக்கு எழும்பும்! இன்னும் நாலு நிமிசம்!"

"நேத்தும் இதைத்தான் சொன்னனி."

அதற்குமேல் ட்ரூல்ஸ் அவனைக் குதிரையின் ஓர் உறுப்பைச் சொல்லி அழைத்தான். இந்தக் கரையில் அது கோபத்திலும் சொல்வது, அன்பிலும் சொல்வது. அன்றைக்கு அன்பில் சொல்லவில்லை.

ஓஸ்முண்டின் படகு மணிக்கு ஏழு கடல்மைல் ஓடும், அதுவும் காற்று பின்னால் இருந்து தள்ளினால். அவன் தூண்டிலைச் சுருட்டி வெளியே வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் சூரியனின் வீச்சு அடங்கிவிட்டதாம். ராக்கெட் அன்றும் எழும்பவில்லை.

இரண்டு மணிக்கு அவன் மீன் இறக்கிக்கொண்டிருந்தபோது கூடத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். தளத்தின் நீல மேற்சட்டை, காலில் நகரத்துச் சப்பாத்து. மீன் தண்ணீரில் ஒருமுறை வழுக்கி, பெட்டியைப் பிடித்து நிமிர்ந்துகொண்டாள்.

"ஆர் இஞ்ச ஓஸ்முண்ட்?"

"கேக்கிறது ஆர்?"

"ஹெர்டிஸ். அந்த ரொக்கட் என்ர."

பேச்சிலேயே தெற்கத்திக்காரி என்று தெரிந்தது. மழை ஓயாத பேர்கன் பக்கம். ஓஸ்முண்ட் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

"பாலா, இவளுக்கு ஒரு கோப்பி ஊத்து. தெற்கில இருந்து வந்திருக்கிறா, குடை பிடிக்காமல் நிண்டு பழக்கம் இல்ல."

ஹெர்டிஸ் கோப்பியைத் தொடவில்லை.

"ஆறு வருசமாக் கட்டின ரொக்கட் அது. பதினாலு நாளில இண்டைக்குத்தான் எல்லாம் ஒண்டாச் சரி வந்தது. கீழ காத்து சரி. வடக்க ஸ்வால்பார்ட் தீவில வானம் வெளிச்சு. சூரியன் சரி. நீ மட்டும் சரியில்ல."

"நான் அறுபத்தாறு வருசமாச் சரியில்ல. என்ர மனிசியைக் கேட்டுப் பார்." பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான். "சரி சொல்லு. அந்த ரொக்கட் என்னத்துக்கு? பதிமூண்டு நாள் வீட்டில குந்தியிருந்தனான், ஒருத்தரும் சொல்லேல்ல."

"காத்து வெளிய போறதை அளக்க."

"எங்கயிருந்து வெளிய?"

"பூமியில இருந்து."

கூடத்தில் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் அதை மூடினேன்.

ஹெர்டிஸ் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்தாள். கோபம் வந்த ஆசிரியைக்குப் பாடம் நினைவு வந்ததுபோல் அவள் குரல் மாறிவிட்டது.

"மேல போகப்போகக் காத்து ஐதாகும், தெரியும்தானே? ஐநூறு கிலோமீற்றருக்கு மேல நெரிசலே இல்ல. ஒண்டோட ஒண்டு முட்டாது. பாரம் குறைஞ்சது ஐதரசன். அதில கொஞ்சம் வேகம் கூடினது, பூமியின்ர பிடியை விட்டிட்டுப் போயிடும். போனது போனதுதான், திரும்பி வராது. ஹீலியமும் அப்பிடித்தான். அது எல்லா இடத்திலயும் நடக்கிறது. ஆனா வடக்கில இன்னொரு வழி இருக்கு. பூமியின்ர காந்தம் ஒரு சாக்கு மாதிரி எங்களைச் சுத்தி மூடி வச்சிருக்கு. அந்தச் சாக்கின்ர வாய் துருவப் பக்கம்."

"எங்கட பக்கம்."

"உங்கட பக்கத்துக்கும் கொஞ்சம் வடக்க. சூரியனில இருந்து வீசுறது அந்த வாயைப் பிடிச்சு உலுப்பேக்க, பாரமான ஒட்சிசனும் சேந்து மேல ஏறிப் போயிடுது. ஐதரசன் போறது விளங்குது. ஒட்சிசன் எப்பிடி அவ்வளவு உயரம் ஏறுது எண்டதுதான் எங்களுக்கு வடிவா விளங்கேல்ல. அதைப் பாக்கத்தான் ரொக்கட்."

"எவ்வளவு போகுது?"

"ஐதரசன் மட்டும் செக்கனுக்கு மூண்டு கிலோ."

ஓஸ்முண்ட் தன் பெட்டியைப் பார்த்தான். மேலே கிடந்த மீனைச் செவுளில் பிடித்துத் தூக்கினான். கையில் நிறை பார்ப்பதில் அவனை வெல்ல ஆளில்லை.

"இவ்வளவு," என்றான்.

"கிட்டத்தட்ட."

"ஒவ்வொரு செக்கனும் ஒரு கொட்."

"அப்பிடியும் சொல்லலாம்."

"நாள் முழுக்க."

"ஓம்."

"ஞாயிற்றுக்கிழமையும்?"

"ஞாயிற்றுக்கிழமையும்."

அவன் மீனை மெதுவாய்த் திரும்ப வைத்தான். "ஓஸ்லோவில இருக்கிறவங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும். அம்பது அறுபது வருசமாத் தெரியும்."

"அப்ப ஒருத்தனும் ஒண்டும் செய்யேல்ல!"

"செய்ய ஒண்டுமில்ல, ஓஸ்முண்ட். பயப்படவும் ஒண்டுமில்ல. எங்களிட்ட இருக்கிற காத்தோட பாக்க அது தூசி. கோடிக்கணக்கான வருசத்துக்குக் காணும்."

"ஹெரிங் மீனுக்கும் இதைத்தான் சொன்னவங்கள்," என்றான் ஓஸ்முண்ட்.

குறையவே குறையாது என்ற அந்த மீன் ஒரு காலத்தில் இந்தக் கரையிலிருந்தே அற்றுப்போயிற்று. ஹெர்டிஸ் கோப்பியை எடுத்துக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது.

அன்று மாலைக்குள் தீவு முழுவதும் சங்கதி பரவிவிட்டது. கடைக்காரி பிறந்தநாள் பலூனுக்கு வாங்கி வைத்திருந்த ஹீலியம் உருளையை அறைக்குள் வைத்துப் பூட்டினாள். தேவாலயப் பாட்டுக்குழுவில் ஒருத்தி, உயர்ந்த சுரம் பாடும்போது கூடுதலாய்க் காற்றுப் போகுமா என்று கேட்டாளாம். ட்ரூல்ஸுக்கு மட்டும் ஒரு மாலையில் பதினொரு போன். ஒன்பது பேர் ஓட்டையை யார் அடைப்பது என்று கேட்டார்கள். இரண்டு பேர் அது கனடாக்காரரின் பக்கத்தில் இல்லையா என்று கேட்டார்கள்.

ஓஸ்முண்ட் அன்றிரவே மனம் மாறிவிட்டான். மாறினான் என்றால் பாதி வழியில் நிற்கிறவன் இல்லை அவன். செவ்வாய் காலை ட்ரூல்ஸ் போன் எடுக்குமுன் இவனே எடுத்து, "இனி விளிம்பை நான் பாத்துக்கொள்ளுறன்," என்றான். ட்ரூல்ஸ் நன்றி சொன்னான். பிறகு அதை நினைத்து நினைத்து வருந்தினான்.

செவ்வாய் முழுவதும் பனிப்புயல். புதன் காலை வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. பத்து மணிக்குத் தெற்கே மலைக்கு மேல் ஒரு செம்மஞ்சள் கோடு, அதற்கு மேலே நீலம். ரேடியோவில் ஓஸ்முண்ட் கத்திக்கொண்டிருந்தான். பக்கத்துத் தீவுப் படகு ஒன்று விளிம்புக்குள் நுழைந்திருந்தது.

"வெளிய போ! உன்ர ரெண்டு பெட்டி மீனுக்காக முழுப் பூமியும் காத்தில்லாமல் கிடக்கோணுமா?"

"உனக்கென்ன விசரா, ஓஸ்முண்ட்? போன திங்கள் நீதானே இஞ்ச நிண்டனி!"

"திங்கள் எனக்குத் தெரியாது. இப்ப தெரியும். போறியா, இல்லாட்டி வந்து இடிக்கட்டா?"

அந்தப் படகு போய்விட்டது. கூடத்தில் நாங்கள் கோப்பிக் குவளையோடு கேட்டுக்கொண்டிருந்தோம். பத்து ஐம்பதுக்கு ட்ரூல்ஸின் குரல் வந்தது. களைத்துப் போயிருந்தது.

"யோருன், யோருன். உள்ளுக்கு ஒரு படகு நிக்குது."

"இல்ல. எல்லாரையும் துரத்திப் போட்டன். ஒரு குஞ்சும் இல்ல."

"ஒண்டு நிக்குது."

"எங்க? சொல்லு, இப்பவே போறன். ஆரவன்?"

"நீ."

"நான் காவல்," என்றான் ஓஸ்முண்ட்.

"காவல்காரன்ர தலையிலயும் ரொக்கட் விழும்!"

அன்றும் அவன் வெளியே வரும்வரை சூரியன் காத்திருக்கவில்லை. ஹெர்டிஸ் அழுதாள் என்று ஒரு கதை, சிரித்தாள் என்று ஒரு கதை. பக்கத்தில் இருந்த ட்ரூல்ஸ் இரண்டும் உண்மை என்றான்.

ராக்கெட் விட அனுமதி சனிக்கிழமை வரைக்கும்தான். மிச்சம் மூன்று நாள். ட்ரூல்ஸுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஓஸ்முண்டைக் கடலில் விட்டாலும் ஆபத்து, கரையில் விட்டாலும் ஆபத்து. கண்ணெதிரே வைத்திருப்பதுதான் நல்லது. தளத்துக் கட்டுப்பாட்டு அறையில் அவனுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். கழுத்தில் விருந்தினர் அட்டை மாட்டினார்கள். வியாழனும் வெள்ளியும் அவன் காலை ஏழுக்குப் போய் மாலை மூன்றுக்குத்தான் வந்தான். மற்றப் படகுகள் பன்னிரண்டரைக்குப் பிறகு போய், இருட்டுவதற்குள் கையில் கிடைத்ததோடு திரும்பின. இவன் அதற்கும் வரவில்லை. சூரியனின் வீச்சு ஏன் எழும்பவில்லை என்று அங்கே பேசிக்கொண்டிருந்தார்களாம், அதைக் கேட்டுக்கொண்டிருந்தானாம். வீதியில் என்னைக் கண்டால் மீனைப் பற்றிப் பேச்சே இல்லை.

"பாலா, சூரியனில இருந்து வீசுற காத்து இண்டைக்குச் செக்கனுக்கு முந்நூற்றி இருவது கிலோமீற்றர். காணாது. நானூற்றி அம்பது வேணும்."

"உன்ர தூண்டில் எல்லாம் உறைஞ்சு கிடக்கு, ஓஸ்முண்ட்."

"அது கிடக்கட்டும்."

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கூடத்துக் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். படகுத்துறையில் யோருன் நின்றாள். படகு இல்லை, மனைவி. செம்மஞ்சள் மழைச்சட்டை, இடுப்பில் கத்தி, கையில் கோப்பிப் போத்தல். அவள் பன்னிரண்டு வருடம் அவனோடு கடலுக்குப் போனவள். தோள்பட்டை வலி வந்த பிறகுதான் நிறுத்தினாள். அதிகம் பேசமாட்டாள்.

"ஓஸ்முண்ட் எங்க?" என்று கேட்டேன்.

"பூமியைக் காக்கப் போயிட்டான்."

"உன்ர தோள்?"

"தோள் இண்டைக்கு என்ன சொல்லுதெண்டு கேக்கேல்ல. கயிறை எறி, பாலா."

எறிந்தேன். எங்கே போகிறாய் என்று நான் கேட்டிருக்கலாம். அன்றைக்கு ட்ரூல்ஸின் போன் ஓஸ்முண்டின் கைப்பேசிக்குத்தான் போயிருக்கும் என்றும் யோசித்திருக்கலாம். இருபத்தாறு வருடமாய் எறி என்றால் எறிகிறவன் நான்.

அதன் பிறகு கட்டுப்பாட்டு அறையில் நடந்ததை ட்ரூல்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பதினொரு மணிக்கு எல்லாம் சரியாகிவிட்டது. சூரியக் காற்று ஐந்நூறைத் தாண்டியது. ஸ்வால்பார்டில் பகலிருட்டு, அங்கே வானத்தில் சிவப்பு ஒளி ஓடியது. கீழே காற்று இல்லை. ஹெர்டிஸ் எழுந்து நின்றுவிட்டாள். ட்ரூல்ஸ் திரையைப் பார்த்தான்.

"யோருன் உள்ளுக்கு நிக்குது," என்றான்.

எல்லோரும் திரும்பி ஓஸ்முண்டைப் பார்த்தார்கள். அவன் வாயில் பழுப்புப் பாற்கட்டி வைத்த வாஃபிள் பாதி உள்ளே, பாதி வெளியே.

"அது பிழை," என்றான். "யோருன் துறையில கட்டிக் கிடக்கு. நான் இஞ்ச இருக்கிறன்."

"கட்டிக் கிடந்தா ஏன் ஓடுது?"

வாஃபிளை விழுங்கினான். "கடவுளே," என்றான். "ரெண்டு யோருனும் சேந்து போயிட்டுது."

இதற்குப் பிறகு நடந்ததை நானே கேட்டேன். நான் மட்டுமில்லை, கரை முழுவதும் கேட்டது.

"யோருன், யோருன், ஓஸ்முண்ட் கதைக்கிறன்."

"கேக்குது."

"நீ அங்க என்ன செய்யிறாய்?"

"மீன் பிடிக்கிறன். வீட்டில ஆராவது ஒருத்தர் பிடிக்கத்தானே வேணும்."

"கெதியா வெளிய எடு. இன்னும் ஒரு மணித்தியாலம்தான் இருக்கு. காத்து போய்க்கொண்டிருக்கு, யோருன்!"

இந்த இடத்தில் கரைவானொலிப் பெண் குறுக்கிட்டாள். பதினாறாம் அலைவரிசை ஆபத்து அழைப்புக்கு மட்டுமே, தயவுசெய்து பன்னிரண்டுக்கு மாறவும் என்றாள். இருவரும் பன்னிரண்டுக்குப் போனார்கள். கரையில் இருந்த எல்லாப் படகும் பன்னிரண்டுக்குப் போயிற்று. நானும் குமிழைத் திருப்பினேன். அந்த அரை மணி நேரம் கடலில் யாரும் மூழ்காதது எங்கள் அதிர்ஷ்டம்.

"எந்தக் காத்து?" என்று யோருன் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பூமியின்ர காத்து. செக்கனுக்கு மூண்டு கிலோ."

"எங்கட படுக்கையறை ஜன்னலால போறது எத்தினை கிலோ?"

அவன் வாயைத் திறக்குமுன் அவளே தொடர்ந்தாள்.

"கேக்கிறன், ஓஸ்முண்ட். பதினொரு வருசமா அந்தச் சட்டத்தில இடைவெளி. காசு குடுத்துச் சூடாக்கிற காத்து முழுக்க அதாலதான் போகுது. அதுக்கு ரொக்கட் விடேல்ல நீ."

"யோருன், இது எல்லாருக்கும் கேக்குது."

"கேக்கட்டும். மனிசன் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு படுக்கிறான், அதுவும் கேக்கட்டும்."

"எவ்வளவு இடைவெளி, யோருன்?" என்று இன்னொரு குரல் நுழைந்தது. பக்கத்துத் தீவுக்காரன். புதன்கிழமை துரத்தப்பட்டவன். அவன் குரலில் அவ்வளவு அக்கறை.

"ரெண்டு விரல்!"

"ரெண்டு விரல் இல்ல!" என்று ஓஸ்முண்ட் கத்தினான். "ஒரு விரல்!"

"உன்ர விரலால ஒண்டு. அந்த ஒரு விரல் இடைவெளியால ஒரு ஆட்டுக்குட்டியே உள்ள வரும்."

கூடத்தில் ஒருவன் சிரித்துச் சிரித்து ஐஸ் பெட்டிக்குள் உட்கார்ந்துவிட்டான். ரேடியோவில் வேறு குரல் வந்தது. ஹெர்டிஸ் ஒலிவாங்கியை வாங்கிவிட்டாள்.

"யோருன், நான் ஹெர்டிஸ். ரொக்கட் என்ர."

"ஓ. என்ர மனிசனை எடுத்து வச்சிருக்கிறது நீதானா?"

"நாங்கள் எடுக்கேல்ல. வந்திட்டான். இருக்கிற வாஃபிள் முழுக்கத் தின்னுறான்."

"அங்கயுமா?"

"முந்தநாள் தளத்து இயக்குநரின்ரையும் சேத்து."

யோருன் சிரித்த சத்தம் கேட்டது. ஹெர்டிஸ் விடவில்லை.

"யோருன், கேள். என்ர வேலையே ஒழுக்கு அளக்கிறதுதான். நாளைக்கு நானே வந்து உன்ர ஜன்னலை அளக்கிறன். ஒரு விரலா ரெண்டு விரலா எண்டு பாத்து, அவன் அடைச்சு முடிக்கும்வரை பக்கத்தில நிக்கிறன். எனக்கு இண்டையோட அனுமதி முடியுது. இண்டைக்கு எழும்பாட்டி இனி எப்ப எண்டு தெரியாது."

"அவன் தன்ர வாயால சொல்லட்டும்," என்றாள் யோருன்.

"செய்யிறன்," என்றான் ஓஸ்முண்ட் தூரத்திலிருந்து.

"எப்ப?"

"நாளைக்கு."

"நாளைக்கு எண்டு ஒலிம்பிக் நடந்த வருசமும் சொன்னனி."

"நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் ரெண்டு மணிக்கு முன்னம்!"

"இஞ்ச கதைக்கிறதெல்லாம் பதிவாகுது, யோருன்," என்றான் ட்ரூல்ஸ். தளத்து ஆட்களில் அன்றைக்கு மிகவும் உருப்படியாய்ப் பேசியவன் அவன்தான்.

"சரி. நான் எங்க போகோணும்?"

ட்ரூல்ஸ் அவளுக்கு இடம் சொன்னான். அவள் ஏற்கெனவே வட ஓரத்தில் நின்றதால், இன்னும் மூன்று மைல் வடகிழக்கே, பழைய வெளிச்சவீட்டுக்கு நேரே போனால் போதும். இடத்தின் பாகை, கலைக் கணக்கெல்லாம் இரண்டு தரம் வாசித்தான். அவளும் திருப்பிச் சொன்னாள். பிறகு இயந்திரம் முழு வேகத்தில் இரைவது கேட்டது.

பன்னிரண்டு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு ராக்கெட் எழும்பியது. நாங்கள் எல்லோரும் படகுத்துறையில் நின்றோம். தளம் இருக்கும் தீவின் வடமுனையில் முதலில் ஒரு வெளிச்சம், வெல்டிங் பொறிபோல். அது சத்தமில்லாமல் மேலே ஏறி, நீலத்துக்குள் சின்னதாகிப் புள்ளியாயிற்று. அதன் பிறகுதான் சத்தம் வந்தது. வயிற்றுக்குள் இரைந்தது, கூரையிலிருந்த கடற்காகங்கள் எல்லாம் கிளம்பின. புகைக்கோட்டின் உச்சியில் மட்டும் சூரியன் பட்டு ரோசா நிறமாகியது. பத்தொன்பது நாள் அந்த ராக்கெட்டைத் திட்டியவர்கள் எல்லோரும் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு யாரோ ஒருவன் மெதுவாய்க் குதிரையின் உறுப்பைச் சொன்னான். அது அன்பில் சொன்னது.

ராக்கெட் ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் உயரம் போய், இருபது நிமிடம் கழித்து வடக்கே துருவக் கடலில் விழுந்தது. இடையில் அதன் அளவுக் கருவிகள் எல்லாம் வேலை செய்தன. ஓஸ்முண்ட் ட்ரூல்ஸைக் கட்டிப்பிடித்தானாம். இயக்குநரையும் கட்டிப்பிடித்தான் என்கிறார்கள், எனக்கு அது நிச்சயமில்லை.

ஞாயிறன்று ஹெர்டிஸ் சொன்னபடி அளவுகோலோடு போனாள். இடைவெளி ஒன்றரை விரல். இரண்டு பேரும் தாங்கள்தான் சரி என்று எடுத்துக்கொண்டார்கள். ஓஸ்முண்ட் நுரைக்குழாய் மூன்று வாங்கி மூன்றையும் அடித்துத் தீர்த்தான். காற்று நின்றுவிட்டது. ஜன்னலும் அதோடு நின்றுவிட்டது. இன்றைக்கு வரை திறக்க முடியவில்லை. வேலை முடிந்ததும் யோருன் மோல்யா பரிமாறினாள், கொட்டும் ஈரலும் சினையுமாய். தெற்கத்திக்காரி மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள். அதோடு யோருனுக்கு அவள்மேல் இருந்த மிச்சக் கோபமும் போயிற்று.

செவ்வாய்க்கிழமை, கப்பல் ஏறுமுன் ஹெர்டிஸ் எங்கள் கூடத்துக்குக் கேக் கொண்டுவந்தாள். இந்தமுறை ரப்பர் சப்பாத்து போட்டிருந்தாள். ஓஸ்முண்ட் கேக்குக்கு முன் விஷயத்துக்கு வந்தான்.

"சரி. ஒட்சிசன் எவ்வளவு போகுது?"

"இன்னும் தெரியாது. கணக்குப் பாக்க ஒண்டரை வருசமாகும்."

"ஒண்டரை வருசம்! பாலா பத்து நிமிசத்தில நிறுத்துத் தருவான்."

"பாலாவிட்ட மீன் அசையாமல் கிடக்குமே," என்றாள் ஹெர்டிஸ். ஓஸ்முண்ட் யோசித்துப் பார்த்து, அது நியாயம் என்று ஒத்துக்கொண்டான்.

நான் சொல்ல வந்தது இன்னொன்று. சனிக்கிழமை பின்னேரம் யோருன் துறைக்கு வந்தபோது படகு தண்ணீரில் ஒரு சாண் தாழ்ந்திருந்தது. வெளிச்சவீட்டுக்கு நேரே சும்மா நிற்பானேன் என்று தூண்டிலை இறக்கினாளாம். இறக்க இறக்க ஏறியதாம். ஒவ்வொன்றும் ஒன்பது, பத்து கிலோ. அந்த இடத்தில் மீன் நிற்கும் என்று இத்தனை வருடத்தில் யாருக்கும் தெரியாது. நான் பெட்டி இறக்கி முடிக்கையில் கை விட்டுப்போயிற்று. ஓஸ்முண்ட் விருந்தினர் அட்டையோடு வந்து நின்று பெட்டிகளை எண்ணினான். பிறகு மறுபடி எண்ணினான்.

"திங்கள் நான் போறன்," என்றான்.

"திங்கள் நான் போறன்," என்றாள் அவள். "நீ வேணுமெண்டா கயிறு பிடி."

திங்கள் காலை இரண்டு பேரும் சேர்ந்துதான் போனார்கள். வெளிச்சவீட்டுக்கு நேரே போய்ச் சேர்ந்தபோது அங்கே பதினேழு படகுகள் நின்றன. பக்கத்துத் தீவுக்காரன் முதல் ஆளாய் நின்று கையசைத்தான். சனிக்கிழமை ட்ரூல்ஸ் அந்த இடத்தைப் பன்னிரண்டாம் அலைவரிசையில் இரண்டு தரம் நிறுத்தி நிறுத்தி வாசித்தபோது, பென்சில் வைத்திருந்தவர்கள் எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு யோருன் ரேடியோவில் சொன்ன எந்த இடத்திலும் மீன் இருந்ததில்லை.